இருபது லட்சத்து முப்பத்தோராயிரத்துப் பதிமூன்று

எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்குப் பாடம் என்னை மூன்று தடவை பார்த்தது. மூன்று தடவையும் அதற்கு என்னைப் பிடிக்கவில்லை. நாலாவது தடவை, இவன் முகத்தில் இனிமேல் விழிக்கக் கூடாது என்று முடிவு செய்து முப்பத்தைந்து மார்க் கொடுத்து அனுப்பிவிட்டது. இதில் அவமானம் என்னவென்றால், என் சொந்த அக்கா கணக்கு டீச்சர். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில், ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் தினமும் போய் வந்துகொண்டிருந்தாள். ஊரான் வீட்டுப் பெண்களெல்லாம் அவளால் கரையேறினார்கள். நான் மட்டும் காவிரிக்கு இந்தப் பக்கமே நின்றேன்.

அக்காவுக்குப் பதினாறு வயதிலிருந்து சர்க்கரை. அதை வீட்டில் சர்க்கரை என்று சொல்ல மாட்டோம், "அவளோட அது" என்போம். கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து அம்மா காலையும் மாலையும் ஊசி போடுவாள். முப்பது தாண்டியதும் ஒவ்வொன்றாகப் போக ஆரம்பித்தது. முதலில் காலில் பெருவிரல். அப்புறம் கண். கண்ணோடு வேலை. கடைசியில் கிட்னி. வீட்டில் எது காணாமல் போனாலும் நான்தான் எடுத்திருப்பேன் என்பது அம்மாவின் சித்தாந்தம். இந்த நாலில் மட்டும் என்மேல் பழி வரவில்லை.

எண்பதுகளின் ஆரம்பம் அது. பெரிய டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "மெட்ராஸ்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ற மிஷின் இருக்கு. ஆனா இந்த உடம்பு தாங்காது. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. உப்பு மட்டும் வேண்டாம்."

திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் ஆட்டோ குலுங்கியது. அக்கா கறுப்புக் கண்ணாடியைத் தண்ணீர்ப் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எவ்வளவு நாளாம்?"

"எங்க சொன்னார்? அவரும் என்னை மாதிரிதான் போலிருக்கு. கணக்குன்னா உதறுது."

"நீ பொய் சொல்லும்போது ஜோக் அடிப்பே" என்றாள்.

அம்மாவுக்கு டாக்டர் ஒரு பொருட்டே இல்லை. அக்காவின் ராசிக்கு அப்போது அஷ்டமச் சனி. அதாவது அவளுடைய ராசியிலிருந்து எட்டாம் இடத்தில் சனி வந்து உட்கார்ந்திருந்தது. அம்மாவின் கணக்கில் விரலையும் கண்ணையும் எடுத்தது அதுதான், கிட்னியிலும் அதுதான் கை வைத்திருக்கிறது. சனிக்கிழமைதோறும் திருவானைக்காவலுக்கு நடந்தே போய், சனீஸ்வரன் சன்னதியில் எள் விளக்கு ஏற்றிவிட்டு வருவாள். எட்டு என்ற எண்ணையே வீட்டில் ஒழித்துவிட்டாள். தோசை ஏழோடு நிற்கும். இல்லாவிட்டால் ஒன்பதாவதும் வந்து விழும். நான் ஒன்பதின் கட்சி.

ஒரு நாள் அக்காவின் ஜாதகத்தை யாரோ ஒரு ஜோசியரிடம் காட்ட வேண்டும் என்று அம்மா பெட்டியிலிருந்து எடுத்தாள். மஞ்சள் தடவிய காகிதம் சரசரத்ததும் கட்டிலில் கிடந்த அக்கா கேட்டாள்.

"அது என்னுதாம்மா? டேய், கட்டத்தைப் படி. மேஷத்திலேர்ந்து சுத்தி வா."

ராசிக் கட்டம் தெரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்காக: சதுரத்தின் ஓரமாகப் பன்னிரண்டு வீடுகள், அவற்றில் குடியிருக்க ஒன்பது கிரகங்கள், அவற்றோடு "ல" என்று எழுதிய லக்னம். நான் வீட்டு வாடகை வசூலிக்கப் போனவன் மாதிரி வாசித்தேன்.

"மேஷம் காலி. ரிஷபம் காலி. மிதுனம், கடகம், சிம்மம் எல்லாம் காலி. கன்னியில சனியும் கேதுவும். துலாம் காலி. விருச்சிகத்துல சூரியன், புதன், சுக்கிரன். தனுசுல செவ்வாய் மட்டும். மகரம் காலி. கும்பத்துல குரு. மீனத்துல சந்திரன், ராகு, லக்னம்."

ஒரு ஓரத்தில் கேது, நேரெதிரே ராகு, மற்ற எல்லோரும் அந்த இரண்டுக்கும் நடுவில். பாம்பின் வாலுக்கும் வாய்க்கும் இடையில் எல்லாக் கிரகங்களும் மாட்டிக்கொண்டால் அது காலசர்ப்ப தோஷம். பெண் பார்க்க வந்தவர்கள் இந்தக் கட்டத்தைப் பார்த்த கையோடு, காபியை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். சர்க்கரை விஷயத்தை எப்படிச் சொல்வது என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்ததெல்லாம் வீண். அதுவரைக்கும் பேச்சு வந்ததே இல்லை.

அக்கா கொஞ்ச நேரம் உதடு மட்டும் அசையக் கிடந்தாள்.

"எந்த வீட்டுல எத்தனைன்னு மட்டும் வரிசையா எழுது. ரெண்டு, சைபர், மூணு, ஒண்ணு, சைபர், ஒண்ணு, மூணு."

எழுதினேன். 2031013.

"முன்னாடி அஞ்சு வீடும் காலி, அதனால ஏழு இலக்கத்தோட நின்னுடுச்சு. தோஷம் இல்லேன்னா பன்னெண்டு இலக்கம் வரைக்கும்கூட நீண்டிருக்கும்" என்றாள். அந்தத் தோஷத்தால் யாருக்காவது ஒரு நன்மை என்றால் அது இதுதான். "இன்னொண்ணு பாத்தியா? லக்னத்தை விட்டுட்டு எழுதினா, கிரகம் ஒம்போதுதானே, இலக்கத்தைக் கூட்டினா ஒம்போதுதான் வரும். அப்ப உலகத்துல எல்லா ஜாதகமும் ஒம்போதால வகுபடும். ராஜாவோ பிச்சைக்காரனோ. லக்னத்தைச் சேத்தா கூட்டுத்தொகை பத்து. ஒருத்தனுதும் ஒம்போதால போகாது, மூணாலயும் போகாது."

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. உற்சாகத்தில் என் ஜாதகத்தையும் எடுத்தேன். என் மீனத்தில் ஈ காக்கை இல்லை.

"சைபர்ல முடியுதா? உன்னுது பத்தால போகும்டா. விடு, தேறாது."

பிறகு தன் எண்ணுக்கு வந்தாள். "இது பகா எண்ணான்னு எனக்குத் தெரியணும்." ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் மீதியில்லாமல் வகுபடாத எண், எனக்கே தெரிந்த ஒரே இலக்கணம் அது. "என்கிட்டேர்ந்து ஒவ்வொண்ணா பிரிச்சு எடுத்துக்கிட்டே இருக்காங்க. எதாலயும் பிரிக்க முடியாத ஒண்ணு என் பேர்ல இருக்கான்னு பாத்துட்டுப் போறேன். 'இருக்குக்கா'ன்னு ஆறுதல் சொல்ற வேலை வேண்டாம். இருக்கா, இல்லையா?"

ஏழு, பதினொன்று, பதிமூன்று மூன்றையும் மனசிலேயே வகுத்து, போகல, போகல, போகல என்றாள். பதினேழுக்குப் போனாள். பாதியில் நின்றாள். "நூத்தி... நூத்தி..." என்று தேடினாள். நான் பேசினைப் பிடிப்பதற்குள் வாந்தி. வாயைத் துடைத்துவிட்டபோது சொன்னாள். "தலைக்குள்ள போர்டுல எழுத எழுத யாரோ ஈரத்துணியால துடைக்கறாங்கடா." கெட்ட ரத்தம் மூளைக்கு ஏறுவதை டாக்டர் எனக்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

ஆகவே வகுக்கும் வேலையை எங்களுக்குப் பிரித்துக் கொடுத்தாள். எங்கே நிறுத்துவது என்று கேட்டேன்.

"வர்க்கமூலம் வரைக்கும். ஆயிரத்து நானூத்திச் சொச்சம். அதுக்கு மேல ஒரு கூறு இருந்தா, அதோட ஜோடி அதுக்குக் கீழ இருந்தே ஆகணும்."

"நம்ம பெரியப்பா பண்ணின பாகப்பிரிவினை மாதிரி."

"அதேதான். கீழே இருக்கிற பங்கு சின்னது."

ரெண்டு இலக்கப் பகா எண்கள் அம்மாவுக்கு. மூன்று இலக்கமும் நாலு இலக்கமும் எனக்கு. கிட்டத்தட்ட இருநூறு. அம்மா அஞ்சாம் கிளாஸ்தான் என்றாலும் வகுத்தலில் புலி; சமையலறை சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் போட்டுவிட்டு, ரசம் கொதிப்பதற்குள் அழித்துவிடுவாள். நான் வேலை பார்த்த லாரி பார்சல் ஆபீசில் ஒரு கால்குலேட்டர் இருந்தது. மேனேஜரின் இழுப்பறையில், பூட்டுக்குள். கேட்டேன். "எதுக்கு?" என்றார். "எங்க அக்கா ஜாதகத்தை வகுக்கணும் சார்" என்றேன். சாவியை இடுப்பிலிருந்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். காலி ரசீதுகளின் முதுகில் கையால்தான் போட்டேன். கரூருக்குப் போன ஒரு ஜவுளி மூட்டையின் ரசீதில் எடைக்குப் பதில் என் மீதி ஏறிப்போய், அங்கே மூன்று பேர் தூக்க வந்து நின்றார்களாம்.

சாயங்காலம் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஒப்பிப்பேன். எதால் வகுத்தேன், ஈவு என்ன, மீதி என்ன. அக்கா ஒவ்வொன்றின் இலக்கங்களையும் கூட்டி ஒற்றை எண்ணாக்கிச் சரிபார்ப்பாள். அந்தச் சின்னக் கூட்டல்தான் அவள் தலையில் அப்போது நின்றது. "தப்பு. திரும்பப் போடு" என்பாள். சராசரியாக ஐந்துக்கு இரண்டு தப்பு. அம்மாவை அவள் சோதிக்கவில்லை. கையில் சட்டியோடு அந்தப் பக்கம் போகும்போது அம்மா "அது போகலடீ" என்பாள், அவ்வளவுதான். அம்மா கணக்குத் தப்பினதாக எங்கள் வீட்டில் சரித்திரமே இல்லை.

ஐப்பசி மழை வந்தது. அக்காவின் கால்கள் வீங்கின, அழுத்தினால் விரல் பதிந்த குழி அப்படியே நிற்கும். உடம்பெல்லாம் அரிப்பு. சொறிந்து சொறிந்து கை ரணமாகி, அம்மா பழைய வேட்டித் துணியைக் கிழித்துச் சுற்றினாள். ஊசிக்கு இடம் தேட வேண்டியிருந்தது. சில நாள் நான் வந்ததே தெரியாமல் கிடப்பாள். சில நாள் படியேறும்போதே "எது வரைக்கும் வந்திருக்கே?" என்பாள். எண்ணூறு தாண்டியாச்சு, ஆயிரம் தாண்டியாச்சு. அவளுக்கு முன்னால் நான் போய்ச் சேர வேண்டும் என்று ஓடினேன். பள்ளிக்கூடத்தில் இந்த ஓட்டத்தில் பாதி ஓடியிருந்தால் மேனேஜர் ஆகியிருப்பேன்.

கார்த்திகையில் ஒரு நாள் கடைசி எண்.

"ஆயிரத்து நானூத்தி இருபத்தி மூணு. ஈவு ஆயிரத்து நானூத்தி இருபத்தேழு. மீதி முன்னூத்தித் தொண்ணூத்தி ரெண்டு."

அக்கா விரலை மடக்கினாள். "வகுக்கறது ஒண்ணு, ஈவு அஞ்சு, பெருக்கினா அஞ்சு. மீதி அஞ்சு. மொத்தம் பத்து, அதாவது ஒண்ணு. நம்ம நம்பரும் ஒண்ணு. சரியா இருக்கு." முகம் அப்படியே திறந்துகொண்டது. "அப்ப பகா எண்தான்டா!"

அம்மாவைக் கூப்பிட்டு, ரசத்தில் ஒரு சிட்டிகை உப்பு போடச் சொன்னாள். அம்மாவும் போட்டாள். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன். இரண்டு வாய் குடித்தபின் பழைய டீச்சர் எட்டிப்பார்த்தாள்.

"அம்மா, நீ எத்தனை நம்பர் பாத்தே?"

"குடுத்ததெல்லாம் பாத்தேன்."

"எத்தனைன்னு கேட்டேன்."

அம்மாவுக்குப் பொய் சொல்ல வரும். எண்ணிக்கையில் மட்டும் வராது. விரல் விட்டாள். "பதினஞ்சு."

"ரெண்டு இலக்கத்துல மொத்தம் இருபத்தொண்ணு. ரெண்டு நான் பாத்துட்டேன். பத்தொம்பது வரணும்." டம்ளரைக் கீழே வைத்தாள். வெகுநேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். தலைக்குள் துடைத்துக்கொண்டிருந்தவர்கள் அன்றைக்கென்று கொஞ்சம் ஓய்வு எடுத்திருக்க வேண்டும். "பதினேழு. அம்பத்தி மூணு. எழுபத்தி ஒண்ணு. எண்பத்தி ஒம்போது. இந்த நாலும்தானேம்மா? கூட்டினா எட்டு வருதுன்னு விட்டுட்டியா?"

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"சனி உன் எட்டுல உக்காந்திருக்கான்டீ. அவன் நம்பரை எடுத்து உன் ஜாதகத்தை நானே வகுக்கணுமா? பெத்தவ பண்ற காரியமா அது?"

"போகலேன்னு சொன்னியே."

"போகக் கூடாதுன்னுதான் சொன்னேன்."

"நான் போட்டுடறேன்க்கா, அஞ்சு நிமிஷம்" என்றேன்.

"நீ வேண்டாம். போச்சுன்னா நீ ஜோக் அடிப்பே. அம்மா போடட்டும்." அம்மா இருக்கும் திசையை நோக்கிக் கையை நீட்டினாள். "தெரியாமலே என்னை அனுப்பிடாதேம்மா."

அம்மா இரண்டு நாள் சாக்கட்டிப் பக்கமே போகவில்லை. சனிக்கிழமை திருவானைக்காவல் போய்விட்டு வந்தாள். கையில் எள்ளெண்ணெய் வாசனையோடு, கை கூடக் கழுவாமல், கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து சாக்கட்டியை எடுத்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பதினேழைப் போட்டாள். மீதி ஆறு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஐம்பத்து மூன்று.

"சத்தமாச் சொல்லிட்டே போடும்மா."

"இருநூத்தி மூணுல மூணு தடவை. நாப்பத்திநாலு நிக்குது. ஒண்ணை இறக்கினா நானூத்தி நாப்பத்தொண்ணு. எட்டுத் தடவை." எட்டு என்ற சொல்லை அம்மா வாயால் கேட்டு ஒரு வருஷமிருக்கும். "பதினேழு நிக்குது. சைபரை இறக்கினா நூத்தி எழுபது. மூணு தடவை. பதினொண்ணு. ஒண்ணை இறக்கினா நூத்திப் பதினொண்ணு. ரெண்டு தடவை. அஞ்சு நிக்குது. மூணை இறக்கினா..."

குரல் நின்றுவிட்டது.

"இறக்கினா என்னம்மா?"

"அம்பத்தி மூணு."

நான் தரையைப் பார்த்தேன். சாக்கட்டி அம்மா விரலில் நசுங்கிப் பொடியாகிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக எனக்கு ஒரு கணக்குக்கு விடை உடனே தெரிந்தது.

"மீதியைச் சொல்லும்மா" என்றாள் அக்கா.

"இல்லடீ. மீதி இல்ல."

அக்கா தலையை ஆட்டினாள். "ஈவு?" என்றாள்.

"முப்பத்தெட்டாயிரத்து முன்னூத்தி இருபத்தொண்ணு."

"கூட்டு. பதினேழு வரும். அதைக் கூட்டினா..."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அதுவும் எட்டா! ரெண்டும் அவன்தானா!"

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் வாந்தியாகி, எல்லாம் அடங்க நேரமாயிற்று. அடங்கியதும் சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ரசத்தில் உப்பு வேண்டாம் என்றாள். தூங்கிவிட்டாள் என்று நாங்கள் எழுந்தபோது அவள் குரல் வந்தது.

"டேய். அந்த முப்பத்தெட்டாயிரம் பகா எண்ணான்னு பாரு."

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, ஏழிலிருந்து மறுபடி ஆரம்பித்து, வியர்க்க வியர்க்கப் போட்டேன். திங்கள் சாயங்காலம் அறுபத்தொன்று வரைக்கும் ஒப்பித்தபோது அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பார்வையில்லாத கண்ணால் என்னைப் பார்த்தாள்.

"முட்டாளே. முழுசை வகுக்காதது துண்டை எப்படிடா வகுக்கும்? மத்ததெல்லாம் ஏற்கனவே பாத்தாச்சு. அம்மா விட்ட எழுபத்தி ஒண்ணும் எண்பத்தி ஒம்போதும் பாக்கி. அம்பத்தி மூணை இன்னொரு தடவை. மூணே கணக்கு."

அம்மாவே மூன்றையும் போட்டாள், இந்தத் தடவை மீதியோடு. எதுவும் போகவில்லை. அந்தத் துண்டு பகா எண். அக்கா "சரி" என்றாள். அதற்கப்புறம் எண்ணைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

மார்கழியில் ஒரு வியாழக்கிழமை விடிந்து, அம்மா ஊசி போடக் கையைத் தொட்டபோது கை சில்லென்றிருந்தது. கொள்ளிடக் கரையில் காரியம் முடிந்தது. ஜாதகத்தை அம்மா நாலாக மடித்து ஆற்றில் விட்டாள். மணல் திட்டுக்கு நடுவே கொஞ்சம்போலத்தான் தண்ணீர். காகிதம் போகாமல் கரையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. நான்தான் இறங்கிக் காலால் தள்ளிவிட்டேன்.

அம்மா சாக்கட்டியை அதோடு தொடவில்லை. பால் கணக்குகூட என் தலையில் விழுந்தது. பால்காரர் என்னால் செழித்தார். வியாழன் குருவுக்குரிய நாள், சனிக்கு அன்று லீவு என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் எள் விளக்குக்குப் போய்க்கொண்டிருந்தாள். எதற்கு, யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை, எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றவள், செருப்பை மாட்டாமல் திரும்பினாள்.

"அன்னிக்கு நான் வகுக்காம இருந்திருந்தா?"

ஒரு வருஷமாக அதைத்தான் மென்றுகொண்டிருந்திருக்கிறாள். என்னிடம் அதற்கு விடை இருந்தது. அக்கா இருந்தால் சபாஷ் போட்டிருப்பாள் என்றுகூட எனக்குத் தோன்றிற்று.

"வகுத்தாலும் வகுக்காட்டியும் அது அம்பத்தி மூணால போற நம்பர்தாம்மா. நீ சாக்கட்டியை எடுக்கறதுக்கு முன்னாடியும் அப்படித்தான். அவ பொறக்கறதுக்கு முன்னாடியும் அப்படித்தான். நீ ஒண்ணும் பண்ணல."

அம்மா யோசித்தாள்.

"அப்ப அவ பொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் முடிவாயிருந்துதுங்கறே."

"நான் நம்பரைச் சொன்னேம்மா."

"நானும் அதைத்தான்டா சொல்றேன்."

ஒரு ஜோக் தேடினேன். கிடைக்கவில்லை. அம்மா உள்ளே போய் கிண்ணத்திலிருந்த எண்ணெயை மறுபடியும் பாட்டிலில் ஊற்றும் சத்தம் கேட்டது. அன்றைக்கு அவள் திருவானைக்காவல் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை.